எந்த லினக்ஸ், எந்தத் திரை?

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 க்கு முறைப்படி மாறுவதென்றால், இன்டெல் செயலியானால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும்; டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். 2016 இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று திரை மங்காமல், விசை தேயாமல் இருந்தாலும் இந்தக் கணக்கில் கழிவுப் பொருள்தான்.

திருகோணமலையில் ஒரு கணினியைக் கழிப்பது அவ்வளவு இலேசல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் நின்ற இலங்கை நாணயம், மே மாதத்துக்குள் 350 ஐத் தாண்டி விழுந்தது. இறக்குமதியாகும் ஒவ்வொரு உதிரிப்பாகமும் அதற்கேற்ப ஏறியது. அண்ணன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன மடிக்கணினியைத் தங்கை உயர்தரத்துக்கு வைத்துக்கொள்வதும், கொழும்பு அலுவலகங்கள் கைவிட்ட இயந்திரங்கள் கிழக்கே வந்து விலைபோவதும் இங்கு வழமை. உள்துறைமுகத்துக்கும் வெளிக்கடலுக்கும் நடுவில் கிடக்கும் நகரம் என்பதால், உப்புக்காற்று சர்க்கிட் பலகைகளை அரிக்கும் வேகமும் உள்நாட்டைவிடக் கூட. எனவே ஓடுகிற மட்டும் ஓடட்டும் என்பதே திருத்தும் கடைகளின் தத்துவம். அங்கே இப்போது கேட்கும் கேள்வி, "இதுக்கு லினக்ஸ் போடலாமா?" போடலாம். அடுத்த கேள்வியில்தான் சிக்கல்: எந்த லினக்ஸ்?

பெரும்பாலானோர் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். யூடியூப்பில் ஒருவர் கண்ணாடி போல மின்னும் திரையைக் காட்டுகிறார். அதுவே வேண்டும் என்று இறக்குகிறார்கள். இரண்டு கிழமையில் வைஃபை அறுகிறது, தமிழ் தட்டமுடியவில்லை, விண்டோஸ் திரும்பி வருகிறது. அவர்கள் தேர்ந்தெடுத்தது மேலடுக்கை. தொல்லை வந்ததோ அடியிலிருந்து.

லினக்ஸ் என்று பேச்சுவழக்கில் சொல்லும்போது மூன்று வேறு அடுக்குகளைச் சேர்த்துச் சொல்கிறோம். அடியில் இருப்பது கேர்னல். 1991 இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. வன்பொருளோடு பேசுவது, நினைவகத்தைப் பங்கிடுவது எல்லாம் அதன் வேலை. நடுவில் வழங்கல் எனப்படும் டிஸ்ட்ரோ: கேர்னலையும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களையும் பொறுக்கி, ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று சோதித்து, திருத்தங்களை ஆண்டுக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருக்கும் அமைப்பு. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, மின்ட் எல்லாம் இந்த வகை. மேலே பணிமேடைச் சூழல்: க்னோம், பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஈ, சினமன். ஜன்னல், பட்டி, கோப்புகளைத் திறக்கும் முறை, பூட்டுத்திரை, அமைப்புகள் என்று கண்ணுக்கும் கைக்கும் படுவதெல்லாம் இதற்குள் அடங்கும். இலங்கையில் ஒரே லேலண்ட் சட்டகத்தின்மேல் வேறு வேறு பட்டறைகள் வேறு வேறு உடல் கட்டிய பஸ்கள் ஓடுகின்றன. பயணி பார்ப்பது உடலை, ஆனால் பஸ் நாளைக்கும் ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது அதைப் பராமரிக்கும் டிப்போ. வழங்கல் என்பது அந்த டிப்போ.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு விதி கிடைக்கிறது. பணிமேடையை ஒரு பின்னேரத்தில் மாற்றிவிடலாம். டெபியன் போட்ட கணினியில் க்னோமும் எக்ஸ்எஃப்சிஈயும் அருகருகே இருக்கலாம். உள்நுழையும் திரையில் எது வேண்டுமென்று சொன்னால் போதும். வழங்கலை மாற்றுவதென்றால் கோப்புகளைப் பிரதியெடுத்து, டிஸ்கைத் துடைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து போடவேண்டும். ஆகவே கவலையெல்லாம் வழங்கலுக்கு, விளையாட்டெல்லாம் பணிமேடைக்கு. தமிழில் தட்டுகிறவர்களுக்கு மட்டும் இந்த விதியில் ஒரு விலக்கு உண்டு. அது பின்னால் வரும்.

இத்தனை பணிமேடைகள் ஏன் வந்தன? பாதி காரணம் சட்டம், மீதி கோபம்.

1996 இல் லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு முகத்தோடு இருந்தது. ஒன்றில் உருள்பட்டை இடப்பக்கம், இன்னொன்றில் வலப்பக்கம். ஜேர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிக், சாதாரணப் பாவனையாளருக்கு ஏற்ற ஒரே சீரான சூழல் ஒன்றை எழுதுவோம் என்று அழைப்பு விடுத்தார். அதுதான் கேடிஈ; மேலே சொன்ன பிளாஸ்மா அதன் இன்றைய பணிமேடை. அந்த அறிவிப்பு வெளியான நாள் 1996 ஒக்டோபர் 14. விண்டோஸ் 10 ஓய்வுபெற்றதும் அதே திகதியில்தான். இந்தத் தற்செயலைக் கேடிஈ குழு 2025 இல் விளம்பரத்துக்கு நன்றாகவே பயன்படுத்தியது.

கேடிஈ கட்டப்பட்டது கியூட்டி என்ற நிரற்தொகுதியின்மேல். அப்போது அதன் உரிமம் முழுமையாகக் கட்டற்றதாக இல்லை. கட்டற்ற மென்பொருளின் மேல்தளம் ஒரு நிறுவனத்தின் தயவில் நிற்பதா என்ற எதிர்ப்பு கிளம்பியது. 1997 ஓகஸ்டில் மெக்சிகோவின் மிகுவேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் க்னோம் திட்டத்தைத் தொடங்கினார்கள். 2000 இல் கியூட்டியும் ஜிபிஎல் உரிமத்துக்கு வந்துவிட்டது. சண்டையின் காரணம் தீர்ந்தது, ஆனால் இரண்டு குடும்பங்களும் தனித்தனியே வளர்ந்துவிட்டன.

அடுத்தது கோபத்தின் கதை. 2011 ஏப்ரலில் க்னோம் 3 வெளியானது. கீழ்ப்பட்டி இல்லை, பழைய பட்டியல் இல்லை, ஜன்னலைச் சிறிதாக்கும் பொத்தான்கூட இல்லை. ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒருவர் பழைய க்னோம் 2 ஐப் பிரித்தெடுத்துத் தொடர்ந்தார். அது மாத்தே ஆயிற்று. லினக்ஸ் மின்ட் குழுவின் கிளெமென்ட் லெஃபெவர், புதிய அடித்தளத்தின்மேல் பழைய முகத்தைக் கட்டினார், அது சினமன். லினஸ் டோர்வால்ட்ஸே வெறுத்துப்போய்ச் சில காலம் எக்ஸ்எஃப்சிஈக்கு மாறினார், பிறகு க்னோமுக்குத் திரும்பினார். உபுண்டுவோ யூனிட்டி என்ற சொந்தத் திரையை 2011 இல் எல்லோருக்கும் போட்டு, 2017 இல் கைவிட்டு, க்னோமுக்கே வந்து சேர்ந்தது. புதியவர் ஒருவர் இந்தப் பெயர்ப் பட்டியலைப் பார்த்து மலைக்கத் தேவையில்லை. பெரும்பாலானவை ஒரே கேள்விக்கான விடைகள்: விண்டோஸ் 7 ஐப் போன்ற கீழ்ப்பட்டியும் பட்டியலும் வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும் என்பவருக்குச் சினமன், மாத்தே, எக்ஸ்எஃப்சிஈ, பிளாஸ்மா. வேண்டாம், முழுத்திரையில் ஒரு வேலை, விசைகளால் தாவினால் போதும் என்பவருக்கு க்னோம். இதில் சரி பிழை இல்லை. விண்டோஸில் பத்து வருடம் பழகிய கச்சேரி எழுதுவினைஞர் ஒருவருக்கு க்னோமைப் போட்டுக் கொடுப்பது மட்டும் கொடுமை.

"பழைய இயந்திரமா? இலேசான பணிமேடையைப் போடு" என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. பாதி உண்மை. எதையும் திறக்காமல் சும்மா நிற்கும்போது க்னோம் ஒரு ஜிபிக்கு மேல் ரேமைப் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்எஃப்சிஈயும் எல்எக்ஸ்கியூட்டியும் ஏறத்தாழ அதில் பாதியோடு நின்றுவிடும். அரை ஜிபி மிச்சம். பிரௌசரைத் திறந்து ஜிமெயில், யூடியூப், பேஸ்புக் மூன்றையும் விரித்தால் அந்த மிச்சம் ஒரே நிமிடத்தில் போய்விடும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியை மூச்சுத்திணற வைப்பது அநேகமாகப் பிரௌசர்தான். பணிமேடையின் பங்கு சிறிது. 2 ஜிபி இயந்திரத்தில் இந்த வேறுபாடு உயிர்போகிற விடயம். 8 ஜிபியில் பொருட்படுத்தவே வேண்டாம்.

எந்தப் பணிமேடையும் தராத வேகத்தை ஒரு எஸ்எஸ்டி தரும். சுழலும் ஹாட் டிஸ்க்கில் படிக்கும் முனை ஒவ்வொரு கோப்புக்கும் தட்டில் இடம் தேடி நகரவேண்டும். ஒரு தேடலுக்குப் பத்து மில்லிசெக்கன் அளவு. கணினி தொடங்கும்போது அப்படி ஆயிரக்கணக்கான தேடல்கள். எஸ்எஸ்டியில் நகரும் உறுப்பே கிடையாது. கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதுமென்றால், வழங்கல் எதுவென்று யோசிக்குமுன் அதை வாங்குவது புத்தி. நினைவகம் குறைந்தவர்களுக்கு இன்னொரு வழி ஸீரேம்: பயன்படாமல் கிடக்கும் நினைவகப் பக்கங்களை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் உத்தி. ஃபெடோரா 2020 இல் வந்த 33 ஆம் பதிப்பிலிருந்து இதை இயல்பாகவே இயக்கி விடுகிறது. மற்ற வழங்கல்களில் நாமே போட்டுக்கொள்ளலாம்.

கிராஃபிக்ஸ் சில்லு இன்னொரு வடிகட்டி. க்னோமும் பிளாஸ்மாவும் ஒவ்வொரு ஜன்னலையும் கிராஃபிக்ஸ் சில்லைக் கொண்டே வரைகின்றன. சில்லு மிகப் பழையதானால் அந்த வேலை செயலியின் தலையில் விழுந்து, எலிக்குறி இழுபடத் தொடங்கும். எக்ஸ்எஃப்சிஈயில் இந்த அலங்காரத்தையே நிறுத்திவிடலாம். பென்டியம் 4 காலத்து 32 பிட் மேசைக்கணினிகளுக்கோ வாசல்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன: உபுண்டு 2017 இல் தன் 32 பிட் நிறுவல் கோப்பை நிறுத்தியது, டெபியன் 2025 ஓகஸ்டில் வந்த 13 ஆம் பதிப்போடு நிறுத்தியது. ஆன்டிஎக்ஸ் போன்ற சில இன்னும் தாங்குகின்றன. அதற்கு மேல் அந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவது மின்சாரக் கட்டணத்துக்கே கட்டாது.

இனி டிப்போ. ஒரு வழங்கலைப் பற்றிக் கேட்கவேண்டிய முதற்கேள்வி, அது எவ்வளவு அடிக்கடி மாறுகிறது என்பது. ஆர்ச் போன்றவை ஓடிக்கொண்டே மாறுபவை. இன்று வெளியான மென்பொருள் சில நாளில் கணினிக்கு வந்துவிடும், அதனால் திருத்தங்கள் இடைவிடாமல் இறங்கும். ஃபெடோரா ஆண்டுக்கு இரண்டு பதிப்பு வெளியிட்டு ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 13 மாதம் பார்த்துக்கொள்கிறது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் ஐந்து ஆண்டுக்கு உரியவை, 24.04 என்றால் 2029 வரை. மின்ட் 22 அதன்மேல் கட்டப்பட்டதால் அதற்கும் அதே ஆயுள். டெபியன் ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒரு முறை அசையும். கைபேசி டேட்டாவை ஹொட்ஸ்பொட்டாக்கிப் பாவிக்கும் கிண்ணியா வீடு ஒன்றுக்கு ஆர்ச் என்பது மாதாந்தச் செலவு.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போகமுடியாது. 2005 முதல் 2011 வரை உபுண்டுவை நடத்தும் கனோனிகல் நிறுவனம், கேட்டவர்களுக்கெல்லாம் இறுவட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பியது. ஷிப்இட் என்பது அந்தச் சேவையின் பெயர். முத்திரைச் செலவுகூட இல்லை. இலங்கை முகவரிக்கும் வரும். 700 எம்பி இறுவட்டு ஒன்றை 56 கே டயல்-அப் இணைப்பில் இறக்க, இணைப்பு ஒருமுறைகூட அறாவிட்டாலும் ஒரு நாளைக்கு மேல் எடுக்கும். அந்த வசதிக்குள் வாழ்ந்தவர்களுக்கு லினக்ஸ் என்றால் உபுண்டு என்றாகிவிட்டதில் வியப்பில்லை. மென்பொருளின் தரத்தைவிட அது வந்து சேர்ந்த வழி தேர்வைத் தீர்மானித்தது.

இன்று இறுவட்டு போய்விட்டது, அளவு பெருத்துவிட்டது. உபுண்டு 24.04 இன் கோப்பு ஏறத்தாழ 6 ஜிபி; மின்ட் அதில் பாதி; டெபியனின் வலைநிறுவி ஒரு ஜிபிக்கும் குறைவு, ஆனால் மீதியைப் போடும்போது இறக்கும். உபுண்டுவின் ஸ்னாப் பொதிகள் யாரையும் கேட்காமல் நாளுக்கு நான்கு முறை புதுப்பிப்பு உண்டா என்று பார்த்துவரும். அளவிட்ட இணைப்பு என்று குறித்து அதை நிறுத்திவைக்க முடியும். மின்டில் ஸ்னாப் இயல்பாக வராது. இரவு நேரத்துக்கெனத் தனி டேட்டா தரும் பொதி வைத்திருப்பவர்கள் புதுப்பிப்பை நள்ளிரவுக்குப் பிறகு ஓடவிட்டால் போதும்.

டேட்டாவைவிட மின்சாரம் பெரிய வில்லன். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் மின் துண்டிக்கப்பட்டது. புதுப்பிப்பு நடுவில் நிற்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்? பற்றரி செத்த மடிக்கணினி என்றால் உடனே அணையும். லினக்ஸின் வழக்கமான ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, செய்யப்போவதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் செய்வதால், டிஸ்கின் கட்டமைப்பு பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் பாதி பழையதும் பாதி புதியதுமான மென்பொருட் பொதிகள் மிஞ்சும். டெபியன் குடும்பத்தில் கட்டளை ஒன்றைத் தட்டி அதைச் சீராக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

ஃபெடோராவின் சில்வர்புளூ வகை இதை வேரிலேயே கிள்ளுகிறது. புதுப்பிப்பை ஓடும் முறைமையின்மேல் எழுதாமல், பக்கத்தில் முழுப் பிரதியாகக் கட்டுகிறது. கட்டி முடிந்தால் மட்டும் அடுத்த தொடக்கத்தில் அதற்கு மாறுகிறது. நடுவில் கரண்ட் போனால் பழையதே எழும். ஓபன்சூசே ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முன்னும் பின்னும் டிஸ்கின் நிலையைப் படம் பிடித்து வைக்கிறது. மின்டோடு வரும் டைம்ஷிஃப்ட்டும் அதே வேலையைச் சற்று எளிமையாகச் செய்யும், நாமாக இயக்கிவிட்டால். கிழக்கில் ஒரு பாடசாலைக் கணினி அறைக்கு வழங்கல் தேர்ந்தெடுப்பவர் திரையழகைப் பார்க்குமுன் இந்தப் பக்கத்தைப் பார்க்கவேண்டும்.

மற்றபடி மென்பொருட் களஞ்சியத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. லிப்ரே ஒஃபிஸ், வீஎல்சி, ஜிம்ப், பைத்தான் எல்லாவற்றிலும் உண்டு. உயர்தர தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்துக்குத் தேவையான பைத்தான், மைஎஸ்கியூஎல், பிஎச்பி ஆகியவை லினக்ஸில்தான் இயல்பாக வாழ்கின்றன. துறைமுக ஊர் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லலாம்: கடல் வரைபடங்களில் கப்பல் பாதை போடும் ஓபன்சிபிஎன் டெபியன் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது.

தமிழ்ப் பக்கம்தான் இந்த விடயத்தின் கடினமான இடம்.

திருகோணமலையின் டைப்செட்டிங் கடைகளில் தட்டுகிறவர்களின் விரலில் இருப்பது தட்டச்சுப் பொறியின் ஒழுங்கு. பாமினி எழுத்துரு அதைக் கணினிக்குக் கொண்டுவந்தது. இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 தரம் ரெங்கநாதன் விசைப்பலகையாக அதை யூனிகோடுக்கு எடுத்துவந்தது. தட்டச்சு மரபில் "கொ" என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் அரவு. கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. யூனிகோட் சேமிப்பதோ உச்சரிக்கும் வரிசையை: முதலில் க, அதன்பின் ஒகரக் குறி. இரண்டுக்கும் நடுவில் நின்று, கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எழுத்து வந்ததும் இடம் மாற்றிக் கொடுக்க ஒரு மென்பொருள் வேண்டும்.

லினக்ஸில் விசைப்பலகை அமைப்பு இரண்டு தட்டில் நடக்கிறது. கீழ்த்தட்டில் எக்ஸ்கேபி: இந்த விசைக்கு இந்த எழுத்து என்ற வெறும் அட்டவணை. அதற்கு முந்திய எழுத்து நினைவிருக்காது. கொம்பை இடம் மாற்றவும் முடியாது, தமிழ்99 இல் மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி வைக்கவும் முடியாது. மேல்தட்டில் ஐபஸ், எஃப்சிடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டு முறைகள். இவை முந்தியதை நினைவில் வைப்பவை. எம்17என் என்ற தொகுதியை இவற்றோடு சேர்த்துப் போட்டால் ரெங்கநாதன், தமிழ்99, ஒலிபெயர்ப்பு எல்லாம் பட்டியலில் வந்து நிற்கும். அமைப்புகளில் "தமிழ்" என்று கண்டதைத் தெரிந்து, அது வெறும் அட்டவணையாக இருந்ததால் எழுத்துக்கள் சிதறி, லினக்ஸில் தமிழ் வராது என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர்.

முன்னே சொன்ன விலக்கு இங்கேதான் வருகிறது. பழைய எக்ஸ்11 திரைமுறையில் உள்ளீட்டு மென்பொருள் மற்ற ஒவ்வொரு மென்பொருளோடும் தனித்தனியே பேசிக்கொள்ளும்; பணிமேடை எதுவானாலும் ஓரளவு ஒன்றே. அதன் இடத்தைப் பிடித்துவரும் வேலன்ட் முறையில் விசை அழுத்தம் எல்லாம் பணிமேடையின் கை வழியாகத்தான் போகும். க்னோம் ஐபஸைத் தன் உடம்போடு சேர்த்தே கட்டியிருக்கிறது. அமைப்புகளில் விசைப்பலகைப் பக்கத்தில் ரெங்கநாதனைச் சேர்த்தால் வேலை முடிந்தது. பிளாஸ்மாவில் எஃப்சிடிஎக்ஸ் 5 ஐ நிறுவி, மெய்நிகர் விசைப்பலகை என்ற யாரும் தேடிப்போகாத பக்கத்தில் அதைத் தெரியவேண்டும். செய்தபின் நன்றாகவே ஓடும். எக்ஸ்எஃப்சிஈ பெரும்பாலும் இன்னும் எக்ஸ்11 இல் நிற்பதால் பழைய வழி அங்கே செல்லும். 2025 செப்டெம்பரில் வந்த க்னோம் 49 எக்ஸ்11 அமர்வை இயல்பில் நிறுத்திவிட்டது. மற்றவையும் அந்தத் திசையில்தான் போகின்றன. ஆங்கிலம் மட்டும் தட்டுபவருக்குப் பணிமேடை ருசியின் விடயம். தமிழ் தட்டிப் பிழைப்பவருக்கு அது தொழில் விடயம்.

இனிப் பழைய கோப்புகள். பாமினியில் தட்டிய கடிதம் கணினிக்குள் ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் இருக்கிறது. எழுத்துரு முகமூடி போட்டுத் தமிழாகக் காட்டுகிறது. பாமினி இல்லாத லினக்ஸில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். எழுத்துருக் கோப்பை வீட்டுக் கோப்புறைக்குள் போட்டால் மீண்டும் தெரியும். நிரந்தரமாக யூனிகோடுக்கு மாற்ற, ஓபன்-தமிழ் என்ற பைத்தான் தொகுதியில் பாமினிக்கென்றே மாற்றி இருக்கிறது. கோப்புறை முழுவதையும் ஒரே ஓட்டத்தில் மாற்றும் சிறு நிரலைக் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தின் கணினி மாணவர் யாராவது எழுதிக் கொடுத்துவிடுவார்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் ஒரு தொழில்நுட்பக் காரணிதான். சென்னையின் சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பொஸ் லினக்ஸை 2007 இல் வெளியிட்டது. 2011 இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினிகளில் அது விண்டோஸோடு சேர்ந்து போனது. கேரளம் வேறு வழியில் போயிற்று: பாடநூல், ஆசிரியர் பயிற்சி, ஆய்வுகூடம் மூன்றையும் ஒரே வழங்கலின்மேல் வைத்தது. 2019 இல் உபுண்டு 18.04 ஐத் தழுவிய அதன் பதிப்பு இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான பாடசாலைக் கணினிகளுக்கென வெளியானது. இலங்கையிலும் ஃபெடோராவைத் தழுவிய ஹந்தான என்ற வழங்கல் வந்தது. கண்டி மலையின் பெயர். நல்ல முயற்சி, ஆனால் சிறு குழு ஒன்று தாங்கும் வழங்கலுக்கு அந்தக் குழுவின் ஓய்வு நேரமே ஆயுள். சுனாமிக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதி, 2006 இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதைப் பெற்ற பேரிடர் முகாமை மென்பொருளான சஹானா இன்றுவரை அறியப்படுவதற்கு, உலகமெங்கும் அதைப் பொறுப்பெடுத்த கைகள் ஒரு காரணம். உள்ளூர் அபிமானத்தில் சிறிய வழங்கலைத் தேர்வதைவிட, ஊரில் நாலு பேர் ஏற்கனவே பாவிக்கும் பெரிய வழங்கலைத் தேர்வது மேல். உவர்மலையில் எல்லோரும் மின்ட் வைத்திருந்தால், மின்டைப் போடுவதுதான் தொழில்நுட்ப ரீதியிலும் சரியான முடிவு.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் திருகோணமலைக் கணினிகளில் பெரும்பகுதிக்குப் பதில் குறுகிவிடுகிறது. 4 ஜிபி ரேமோடு விண்டோஸில் பழகிய வீட்டுக்கு மின்ட், சினமனோ எக்ஸ்எஃப்சிஈயோ. 2 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஈயோ எல்எக்ஸ்கியூட்டியோ போட்ட டெபியன். நிரல் எழுதப் பழகும் மாணவருக்கு, இயந்திரம் தாங்கினால், ஃபெடோரா. நாள் முழுக்கத் தமிழ் தட்டும் கடைக்கு க்னோமோடு வரும் டெபியனை முதலில் சோதிப்பது நல்லது. கீழ்ப்பட்டி இல்லாத எரிச்சலைச் சிறு நீட்சி ஒன்று போக்கிவிடும்.

நிறுவாமலே சோதிக்க முடியும் என்பது லினக்ஸின் பெரிய சலுகை. வென்டோய் என்ற கருவியை 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் போட்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா கோப்புகளை அப்படியே பிரதிசெய்தால், கணினி தொடங்கும்போது எது வேண்டுமென்று கேட்கும். டிஸ்கைத் தொடாமல் ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் இருந்து பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, மூடித் திறந்தால் எழும்புகிறதா, ரெங்கநாதனில் "கொக்கு" சரியாக விழுகிறதா, பிரின்டர் அசைகிறதா.

கடைசியாகச் சொன்னதை முதலில் பார்ப்பது நல்லது. எச்பி பிரின்டர்களுக்கு நிறுவனமே வெளியிடும் எச்பிலிப் மென்பொருள் எல்லா வழங்கல்களிலும் கிடைக்கும். எப்சனின் மைத்தாங்கி வகைகளுக்கும் லினக்ஸ் டிரைவர் உண்டு. தெற்காசியா முழுவதும் டைப்செட்டிங் கடைகளில் உட்கார்ந்திருக்கும் கானன் எல்பிபி 2900 மட்டும் தனிப்பிறவி. அது பேசும் கேப்ட் மொழி கானனுக்கே உரியது. அதற்கான டிரைவரைத் தேடி எடுத்துப் போட்டாலும் ஒரு நாள் ஓடும், மறுநாள் முரண்டு பிடிக்கும். பிரின்டரை மாற்ற வசதியில்லாத கடைக்காரர், பழைய விண்டோஸ் இயந்திரம் ஒன்றின் இணையத்தை அறுத்து, அச்சுக்கென்றே மூலையில் வைத்துக்கொண்டு, மற்ற வேலையை லினக்ஸுக்குக் கொண்டுபோவதுதான் இப்போதைக்கு மலிவான வழி.